ஒன்பதாம் நம்பருக்குப் பதினாறாம் நாள்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் லாரித் தண்ணீர் பிடிக்கக் குடங்களோடு கீழே இறங்கினேன். மூன்று மாடியும் இப்போது மூச்சு வாங்காமல் ஏறி இறங்குகிறேன். போன தீபாவளிக்கு முட்டியைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி உட்கார்ந்தவள் நான்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஊருக்கு வெளியே இருக்கிற அந்த வைத்தியரின் பொடிக்குக் கோயிலே கட்டலாம்.

தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் செய்தி வந்தது. எல்லார் போனும் ஒரே நேரத்தில் முனகியது. குணாளன் மருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்டானாம். விளையாடக் கூடாது என்று தற்காலிகமாகத் தடை போட்டுவிட்டார்களாம். உடம்பில் ஸ்டீராய்டு இருந்ததாம்.

எங்கள் குணாளன். எதிர் பிளாக்கில் தரைத்தளத்து வீட்டுப் பிள்ளை. குப்பை லாரி நிற்கிற மைதானத்தில் வெறுங்காலோடு கால்பந்து ஆடி, கொல்கத்தா கிளப்புக்கு ஒன்பதாம் நம்பர் போட்டுக்கொண்டு போனவன். வியாசர்பாடிக்காரன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எங்களுக்கெல்லாம் அவன்தான் காரணம். அவன் ரசிகர் மன்றத்துக்குத் தலைவன் டில்லிபாபு, பொருளாளர் நான். நாற்பத்து நான்கு வயதில், முப்பது ஆம்பளைப் பசங்களுக்கு நடுவில் ஒரே பெண். வீட்டுக்காரர் லாரியோடு நாக்பூர், ராய்ப்பூர் என்று போய்விடுகிறவர். எனக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

டில்லிபாபு செய்தியைப் படித்துவிட்டுக் குடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பொய், காபிகூடக் குடிக்காத பிள்ளை அவன் என்று நான்தான் எல்லாருக்கும் முன்னால் சத்தம் போட்டேன்.

வேலைக்கு லேட். ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் இரண்டு முறை தப்பாக அடித்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மன்றத்துப் பசங்கள் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். பெங்காலிக்காரன் சாப்பாட்டில் கலந்துவிட்டான் என்கிறான் ஒருவன். மாற்று ஆட்டக்காரன் செய்வினை வைத்தான் என்கிறான் இன்னொருவன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மாலையில் தலைவலி மாத்திரை வாங்க ஹபீபின் மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். அங்கேயும் அதே பேச்சு. ஹபீப் படித்த பையன், கொஞ்சம் அதிகமாகப் பேசுவான். "ஸ்டீராய்டுன்னா ஊசின்னு நெனச்சுக்கினு இருக்காங்கக்கா. நாட்டு மருந்துன்னு முட்டிவலிக்கு விக்கிறானுங்களே பொடி, அதுல இந்த மாத்திரைய அரைச்சுக் கலந்துடறானுங்க. ராவோட ராவா வலி போய்டும். அப்புறம் மூஞ்சி உருண்டையா ஊதிக்கும். தெரியாம துன்னவன்தான் மாட்டுவான்."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் அடுப்பில் ஒன்றும் இல்லை.

பொங்கலுக்குக் குணாளன் இரண்டு நாள் வந்திருந்தான். வலது முட்டி பப்பாளி போல வீங்கியிருந்தது. அந்த வாரமே மேட்ச் இருக்கிறது, எப்படி ஆடுவேன் ரூபாக்கா என்று கண்கலங்கினான். வந்த இரண்டு நாளில் எத்தனை வீட்டில் சாப்பிட்டான்! பாய் கடை பிரியாணி, டில்லிபாபு வீட்டு வஞ்சிரம், பிள்ளையார் கோயில் சுண்டல். என் வீட்டில் கேசரி கொடுத்தேன். நெய்யும் ரவையும்தான்.

பொடி டப்பாவைச் சமையலறை மேல்தட்டில் பின்னால் தள்ளி வைத்தேன். மழையில் ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும்.

பிப்ரவரி 11, புதன்

என் முகம் பௌர்ணமி மாதிரி பூரித்திருக்கிறது என்று பக்கத்து கவுண்டர் ஷர்மிளா சொன்னாள். கிண்டலா, நிஜமா தெரியவில்லை. வயதானால் ஒரு களை வரும் என்றேன்.

பிப்ரவரி 12, வியாழன்

அவன் இல்லாமல் நேற்று கொல்கத்தா கிளப் இறுதிப் போட்டியில் தோற்றது. ஆறு கோல். ஒரு பதில் கோலுக்குக்கூட வழியில்லை.

மன்றத்துப் பசங்களை வழியில் பார்க்கிறவனெல்லாம் ஊசி நம்பர் ஒன்பது எங்கே என்று கேட்கிறானாம். டில்லிபாபு கையில் அவன் பேரைப் பச்சை குத்தியிருக்கிறான். இன்று முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு அலைகிறான். குணாளன் போனை எடுப்பதில்லை. எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் அம்மா தனபாக்கியம் கதவைத் திறப்பதே இல்லை.

மாலை மன்றக் கூட்டம். எல்லாரும் சேர்ந்து பேசினால் கோபம் பங்காகிக் குறையும் என்று நினைத்தேன். பெருகித்தான் போனது. கடைசியில் டில்லிபாபு எழுந்து, "நம்மளப் பொறுத்த வரைக்கும் அவன் பூட்டான். பூட்டவனுக்கு இன்னா செய்வோமோ, அத்த செய்வோம்" என்றான். பாடை கட்டி, மேளம் வைத்து, மரண கானா பாடி, கொள்ளி வைக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸும் வைக்கிறார்களாம். மறைவுத் தேதிக்குத் தடை வந்த நாளையே போட்டார்கள்.

நல்ல போட்டோ வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். பொங்கலன்று என் வீட்டில் எடுத்ததைக் கொடுத்தேன். வேறு தெளிவான படம் யாரிடமும் இல்லை. நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

பிப்ரவரி 14, சனி

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

வைக்கோல் திணித்த ஒன்பதாம் நம்பர் ஜெர்சி. தலைக்குப் பழைய பந்து. அதில் சாக்பீஸால் கண், மூக்கு, மீசை வரைந்து, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டியிருந்தார்கள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. சாவு மேளம் அடிக்க ஆரம்பித்ததும் விளையாட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. சட்டியில் நெருப்போடு டில்லிபாபு முன்னால் நடந்தான். பூ இறைத்தார்கள். என்னவென்று தெரியாத கிழவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். மூன்றாவது பிளாக் பெண்கள் தெருவில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். நிஜச் சாவுக்குச் செய்வதெல்லாம் தானாக நடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

அவன் வீட்டு வாசலில் பாடையை இறக்கியிருக்கக் கூடாது. இறக்கினார்கள். இறக்கிய வேகத்தில் தலை கழன்றது. பந்து தரையில் இரண்டு முறை எகிறி, உருண்டு, நேராக அந்த வீட்டு வாசற்படியை நோக்கிப் போனது. மேளம் நின்றுவிட்டது.

மூடியிருந்த கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கால் மட்டும் வெளியே வந்தது. உள்ளங்கால் பக்கத்தால் பந்தைத் தொட்டு, அதை ஓசைகூட எழுப்பாமல் அப்படியே நிற்க வைத்து, மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு மூடிக்கொண்டது.

தலையில்லாத பாடையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய் எரித்தோம்.

தனபாக்கியத்துக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அந்த வயதில் காலால் பந்தை நிறுத்துவதென்றால் லேசா? பிள்ளையிடம் கற்றிருப்பாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் வேலைக்குப் போகும்போதுதான் ஃபிளெக்ஸைச் சரியாகப் பார்த்தேன். தெருமுனையில் ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. குணாளன் வாயைத் திறந்து சிரிக்கிறான். படத்தில் பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள். ஆனால் கையை வெட்டவில்லை. அவன் வாய்க்குப் பக்கத்தில், ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது. முழங்கை வரைக்கும் கை, பச்சைக் கண்ணாடி வளையல், ஒரு சின்ன ஸ்பூன்.

வளையலைக் கழற்றி வைத்துவிட்டேன். பச்சை எனக்குப் பொருந்துவதில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

தனபாக்கியம் வெளியே வந்தாள்.

சாம்பல் நிறப் புடவை, நெற்றியில் திருநீறு, தலை வாரி முடிந்திருந்தாள். அழுத முகமே இல்லை. நேராக மன்றத்துக்குப் போய் டில்லிபாபு முன்னால் நின்று, கொள்ளி வைத்தது நீதானே என்று கேட்டாளாம். அவன் தலையாட்டினானாம். நேற்றே மூன்றாம் நாள், பால் ஊற்றினாயா என்றாளாம்.

அது சும்மா கோபத்துக்குச் செய்தது, மன்னித்துவிடு என்று அவள் காலில் விழப் போயிருக்கிறான். அவள் பின்வாங்கினாள். அப்போதுதான் நான் போய்ச் சேர்ந்தேன். அவள் சொன்னதை என் காதால் கேட்டேன். "ஊரே சேந்து தூக்கினீங்க. பாதியில வுட்டா அது அந்தரத்துலயே நிக்கும். பதினாறு வரைக்கும் செஞ்சி முடிங்க."

எது அந்தரத்தில் நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில் எல்லாரும் மைதானத்துக்குப் போய், கருகிய வைக்கோல் மேல் பால் ஊற்றினோம். ஜெர்சி முழுக்க எரிந்திருந்தது. அந்த ஒன்பது மட்டும் ரப்பர் எழுத்து என்பதால் உருகிச் சுருண்டு கிடந்தது. டில்லிபாபு அதைப் பார்த்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

பிப்ரவரி 20, வெள்ளி

எங்கெங்கிருந்தோ துக்கம் விசாரிக்க வருகிறார்கள். ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். காசிமேட்டிலிருந்து ஒரு டீம் முழுவதும் ஜெர்சியோடு மாலை கொண்டுவந்தது. பெரம்பூரிலிருந்து அவனுக்குப் பாடம் எடுத்த டீச்சர் வந்து, சின்ன வயசு, என்னம்மா ஆச்சு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உயிரோடுதான் இருக்கிறான் என்று சொல்ல மன்றத்துப் பசங்களுக்கு வாய் வரவில்லை. அவமானம் ஒன்று, பயம் ஒன்று. தனபாக்கியமும் சொல்லவில்லை. மாலையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

இப்போது எல்லாரும் அவனை இறந்தகாலத்தில்தான் பேசுகிறார்கள். நல்லா ஆடுவான், யாரையும் எதிர்த்துப் பேச மாட்டான், அக்கா அக்கான்னு கூப்பிடுவான். உயிரோடு இருந்தபோது துப்பியவர்கள் இப்போது உச்சுக்கொட்டுகிறார்கள். நானும்தான். கடையில் ஷர்மிளாவிடம் நேற்று, அவனுக்குக் கேசரி என்றால் உயிர், பாவம் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இன்று எனக்கு வார லீவு. மதியம் துணி உலர்த்தும்போது தனபாக்கியத்தின் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. சுவரில் பந்து பட்டுத் திரும்புகிற சத்தம். வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. நடுவில் வலது கால் முறை வரும்போது மட்டும் கொஞ்சம் தாமதம். வலி இருக்கிறவன் யோசித்து உதைக்கிற மாதிரி. கீழே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

எலியாக இருக்கும். தரைத்தளத்து வீடுகளில் பெருச்சாளித் தொல்லை அதிகம். தனபாக்கியம் இப்போது தினம் இரண்டு பால் பாக்கெட் வாங்குகிறாள். துக்க வீடென்றால் வருகிறவர்களுக்கு டீ போட வேண்டுமே.

பிப்ரவரி 23, திங்கள்

வேலை முடிந்து வந்தபோது தனபாக்கியம் ஃபிளெக்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தப்பித்துப் போக வழியில்லை. நின்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தபடியே பேசினாள். வக்கீல் வைத்திருக்கிறார்களாம். அடுத்த மாதம் விசாரணை. அந்த மருந்து எப்படி உடம்புக்குள் போனது என்று பொருளோடு, சாட்சியோடு காட்டினால் சில மாதத்தில் தடை போய்விடுமாம். காட்டாவிட்டால் இரண்டு வருடம். அவனுக்கு இப்போதே முப்பத்திரண்டு. இரண்டு வருடம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான் என்றாள். அவன் வாயால் சொன்னால் சாக்குச் சொல்கிறான் என்பார்களாம். கொடுத்தவர்களே வந்து சொல்ல வேண்டுமாம். யார் என்று கேட்டால் பேர் சொல்ல மாட்டேன் என்கிறானாம், பெற்றவளிடம்கூட. வைக்கோல் பொம்மைக்கே பாடை கட்டியவர்கள் நிஜ ஆள் கிடைத்தால் என்ன செய்வார்களோ என்று பயப்படுகிறானாம்.

எங்கே இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பிறகு விரலை நீட்டி அந்தக் கையைக் காட்டினாள். "கேசரிக்கு இவ்ளோ சின்ன ஸ்பூனா ரூபா? தேன் ஸ்பூன் மாதிரி இருக்குது."

எங்கள் வீட்டு ஸ்பூன் எல்லாமே சின்னதுதான் பாக்கியம்மா என்றேன். அவள் என் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். நன்றாக உருண்டை ஆகிவிட்டாய் என்று மட்டும் சொன்னாள்.

போகும்போது, பதினாறாம் நாள் படையலுக்கு எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடச் சொன்னாள். "பொங்கலுக்கு வந்தப்ப யார் யார் கையால இன்னா துன்னானோ, அத்த அவங்கவங்களே கொண்டாந்து எலையில வெக்கணும். ஒண்ணு உடக் கூடாது."

செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது வழக்கம்தான். பீடி, பிராந்திகூட வைப்பார்கள். தப்பாக எதுவும் இல்லை.

பிப்ரவரி 26, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கால்வாய்ப் பாலம் வரை நடந்தேன். மூடியில் வைத்தியர் மார்க்கரில் பெரிதாக எழுதியிருக்கிறார், ரூபவதி, முட்டி என்று. அந்த ஆள் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்.

பாலத்தில் நின்றேன். தண்ணீர் கறுப்பாக, நகராமல் கிடந்தது. போட்டால் மிதக்கும் என்று தோன்றியது. மிதந்துகொண்டே எங்கள் பிளாக் பின்னால் வந்து நிற்கும். அங்கேதான் பிள்ளைகள் பந்து பொறுக்க இறங்குவார்கள்.

திருப்பி எடுத்துவந்து மேல்தட்டில் வைத்தேன். நல்ல மருந்தை யாராவது தண்ணீரில் போடுவார்களா?

குணாளன் முட்டிக்காக நான் அன்று கோயிலுக்கும் வேண்டிக்கொண்டேன். அதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அவன் மேல் எனக்கிருந்த பாசம் இந்தக் குடியிருப்பில் எவளுக்கு இருந்தது? கேட்கட்டும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும்.

மார்ச் 1, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் சூப்பர்வைசர் சொத்தில் பங்கு கேட்டது போலப் பார்ப்பார். துக்கம் என்றேன். கொடுத்துவிட்டார்.

தனபாக்கியம் வீட்டு உள்ளறையில் வரிசையாக இலை போட்டிருந்தாள். அவன் படம் இல்லை. மனைப்பலகையில் அந்தப் பந்தை வைத்து மாலை போட்டிருந்தாள். சாக்பீஸ் முகம் பாதி அழிந்து, ஒரு கண்ணும் மீசையும் மட்டும் இருந்தது. பாய் கடைக்காரர் பிரியாணி கொண்டுவந்தார். டில்லிபாபு வஞ்சிரம் வைத்தான், ஒரு துண்டு கீழே விழுந்தது. சுண்டல், முறுக்கு, இளநீர், வறுகடலைப் பொட்டலம் என்று ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். ஒவ்வொன்று வைக்கும்போதும் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

என் முறை வந்தது. கேசரி வைத்தேன்.

"இது மட்டுந்தானா?"

இது மட்டும்தான் என்றேன்.

கற்பூரம் காட்டி, வழக்கம்போல செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று உள்ளறைக் கதவைச் சாத்தினாள். எல்லாரும் முன்னறையிலும் வாசலிலும் மூச்சு விடாமல் நின்றோம். வெளியே பட்டப்பகல். யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. உள்ளே இலை அசைகிற சத்தம் கேட்டது. எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் கேட்டது. டில்லிபாபு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான், முப்பது வயதுத் தடியன்.

"ரூபா, நீ போய்த் தொற" என்றாள் தனபாக்கியம்.

நான் ஏன் என்று கேட்க முடியவில்லை. அத்தனை பேரும் வழிவிட்டார்கள். போய்க் கதவை என் உடம்பு நுழையும் அளவுக்குத் திறந்தேன்.

இலைகளுக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான். தாடி மண்டியிருந்தது. வலது காலை மடக்க முடியாமல் நீட்டியிருந்தான். எதையும் தொடவில்லை. ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டு வந்து, என் கேசரியில் நிறுத்தி, அப்புறம் என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை.

"எல்லாரும் வெச்சிட்டாங்க ரூபாக்கா. ஒண்ணு மட்டும் வரல." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் மெல்ல வந்தது. "உம் பேர நான் சொல்ல மாட்டேன். நீயா வந்து சொல்லு. டப்பா இருக்குல்ல?"

என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் எல்லாரும் நின்றார்கள். பாடை தூக்கிய தோள்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒரு வார்த்தை போதும். அவன் எழுந்து மைதானத்துக்குப் போய்விடுவான். அதே பாடையில் நான் படுப்பேன்.

கதவைச் சாத்தினேன். திரும்பி நின்று, "வந்து சாப்ட்டுப் போயிட்டான். எலை காலி" என்று சொன்னேன்.

பெண்கள் ஓவென்று அழுதார்கள். டில்லிபாபு தரையில் விழுந்து கும்பிட்டான். சாந்தியாகிவிட்டது, மனசு நிறைந்து போய்விட்டான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பதினைந்து நாளாக நெஞ்சில் இருந்த பாரத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் இறக்கி வைத்தார்கள். எவ்வளவு சந்தோஷம் அந்த முகங்களில்! தனபாக்கியம் மட்டும் அசையாமல் நின்றாள். "சரி. அப்ப முடிஞ்சிது" என்றாள்.

பிறகு அவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் சுவரோடு சாய்ந்துகொண்டேன். இனி மறைக்க வழியில்லை என்று கண்ணை மூடினேன். கூச்சல் எதுவும் வரவில்லை. கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. பின்கட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. தரைத்தளத்து வீடு எல்லாவற்றிலும் அப்படி ஒரு கதவு உண்டு.

ஆனால் இலைகள் காலியாக இருந்தன. நான் பார்த்தபோது பிரியாணி இருந்தது, மீன் இருந்தது, எல்லாம் வைத்தபடி இருந்தன. இப்போது ஒரு பருக்கை இல்லை, வழித்துத் துடைத்தது போல் இருந்தது. பந்தும் இல்லை.

கேசரி மட்டும் அப்படியே இருந்தது.

மார்ச் 2, திங்கள்

தனபாக்கியம் வீடு பூட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்த பிள்ளைகள் உள்ளே சாமான் எதுவும் இல்லை என்கிறார்கள். ஃபிளெக்ஸைக் கழற்றிவிடலாம் என்று டில்லிபாபுவிடம் சொன்னேன். நிரந்தரமாக இரும்புச் சட்டம் அடிக்கப் போகிறானாம்.

மார்ச் 19, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டு வருடம். மருந்து எப்படி வந்தது என்று ஆட்டக்காரரால் நிரூபிக்க முடியவில்லை என்று செய்தியில் வாசித்தார்கள். அவன் ஓர் அலுவலகப் படியில் நொண்டிக்கொண்டு இறங்குவதைக் காட்டினார்கள். பக்கத்தில் சாம்பல் புடவையில் தனபாக்கியம்.

மன்றத்து டிவியில் எல்லாரும்தான் பார்த்தோம். அது பழைய வீடியோ என்றான் டில்லிபாபு. ஆமாம், பழசு என்றார்கள் எல்லாரும். ஒருவன், சின்னப் பையன், தாடி வைத்திருக்கிறானே என்று ஆரம்பித்தான். டில்லிபாபு சேனலை மாற்றிவிட்டான். நானும் பழசுதான் என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

கடையில் ரம்ஜானுக்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை, வார லீவும் கொடுக்கவில்லை. மதியம் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வரிசையில் நொண்டி நொண்டி ஒருவன் நகர்ந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். டீ வாங்கி வந்த, கடையில் வேலை செய்கிற எங்கள் குடியிருப்புப் பெண் ஒருத்தி அவன் தோளில் இடித்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்து, என்னவோ காற்று அடித்தது போல முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். இத்தனைக்கும் அவள் வீட்டு முறுக்கு அன்று இலையில் இருந்தது.

அவன் முறை வந்தது. கையில் துணி எதுவும் இல்லை. வெறும் கையை மேஜைமேல் வைத்தான்.

"ரூபாக்கா. மேல்முறையீடு பண்ண இன்னும் நாள் இருக்குது."

அந்தக் கை வெதுவெதுவென்று இருந்தது. நான் தொடவில்லை, ஆனால் சூடு மேஜை வழியாக என் விரல் வரை வந்தது. நகத்தில் மைதானத்து மண் இருந்தது. ஷர்மிளா பக்கத்திலேயே இருந்தாள், தலை நிமிரவில்லை.

நான் அவன் தோளுக்கு மேலே பார்த்தேன். "அடுத்தது யாரு? வாங்க" என்றேன்.

பின்னால் இருந்த அம்மா இரண்டு நைட்டியோடு முன்னால் வந்து மேஜையில் வைத்தார். அவன் நகர்ந்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. நைட்டியில் ஒன்றுக்கு விலைச்சீட்டு இல்லை, அதற்காக மாடிக்கு ஆள் அனுப்பினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று தண்ணீர் லாரி வந்தது. முட்டி வலி தாங்கவில்லை. தேனில் குழைத்துப் பொடி ஒரு ஸ்பூன் சாப்பிட்டேன். இப்போது பரவாயில்லை. டப்பாவில் இன்னும் நிறைய இருக்கிறது.